டஸ்கீகி கண்ட புக்கர் வாஷிங்டன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கரையில் வர்ஜீனியா என்றொரு மாநிலம் உண்டு. புகையிலைப் பயிருக்குப் பேர்போன அம்மாநிலத்தில், பிராங்கிளின் மாவட்டத்தைச் சார்ந்த பண்ணை ஒன்றில், 1856ஆம் ஆண்டில், அடிமைத் தாய் ஒருத்தியின் வயிற்றில் புக்கர் பிறந்தார். இவ்வாண்டு பிற்கால ஆராய்ச்சியாளர் துணிந்தது. தாம் பிறந்த நாளை அவர் உறுதியாக அறியார். தந்தை ஒரு வெள்ளையர் என்பதன்றி, அவர் யாவர் என்பதையும் அறிந்திலர். பண்ணை உரிமையாளர் 1861ஆம் ஆண்டில் இறந்தபோது அவருடைய உடைமைகளுக்கு ஒரு பட்டியல் எழுதினர். பண்ணையின் பிற பொருள்களோடு ஐந்து வயதுச் சிறுவன் புக்கரின் பெயரும் அப்பட்டியலில் ஏறியது. அப்பெயருக்கு எதிரே இடப்பட்ட விலை 400 டாலர்.

புக்கரின் அன்னை ஜேன் என்பவள் அப்பண்ணையின் சமையற்காரி. பதினான்கு அடிக்குப் பதினாறு அடி அளவுள்ள மரக் குடிசையே பண்ணையின் அடுக்களையும் அவர்களுடைய இல்லமும் ஆயிற்று. தரை மண் தரை. சாளரத்துக்குக் கண்ணாடி இல்லை. ஜான் என்னும் தமையனோடும் அமாண்டா என்னும் தங்கையோடும் கந்தலை விரித்துத் தரையில் துயின்றான் புக்கர். அடிமைச் சிறுவருக்கு ஆளிநாரால் நெய்த முரட்டுச் சட்டை ஒன்றே உடை. புதிய சட்டையோ முள்ளைப் போல உடம்பைக் குத்தும். தம்பி படும் துன்பத்தைக் காணப் பொறாத ஜான், அச்சட்டையைத் தான் சில நாள் அணிந்து முரடு தேய்த்துப் பின்னர்த் தம்பிக்குத் தருவானாம். அடிமை வாழ்வின் கொடுமைகளுள் நெஞ்சில் நின்ற ஒரு தண்ணிழலாக இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார் அவர்.

பண்ணையார் மகளின் புத்தகங்களைச் சுமந்து பள்ளியின் வாயில்வரை செல்லும் வேலை அவ்வப்போது புக்கருக்குக் கிட்டும். வாயிலுக்கு அப்பால் அவனுக்கு வழியில்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றமெனக் கருதப்பட்ட நாடு அது. உள்ளே வரிசையாய் அமர்ந்து பிள்ளைகள் படிக்கும் காட்சியை வாயிலில் நின்று கண்ட அச்சிறுவன், அவ்வறைக்குள் புகுதலே வீடுபேறு என எண்ணினான். 1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தது. ஒரு நாள் காலை அடிமைகள் அனைவரும் பண்ணை மாளிகையின் முன் அழைக்கப்பட்டனர். அரசு அலுவலர் ஒருவர் ஒரு தாளை வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர்கள் யாவரும் உரிமை பெற்ற மக்கள் ஆயினர். ஜேன் கண்ணீர் ஒழுகக் குனிந்து தன் மக்களை முத்தமிட்டாள்.

புக்கரின் மாற்றாந்தந்தையான வாஷிங்டன் பெர்குசன், மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்னும் ஊரின் உப்புக் காளவாய்களில் வேலை செய்துவந்தார். தாயும் மக்களும் மலைவழியே பல நாள் நடந்து அவரை அடைந்தனர். உரிமை வந்தது, உணவு வரவில்லை. சிறுவனும் காளவாயில் உப்பு அள்ளவேண்டியதாயிற்று. ஒவ்வொரு தொழிலாளியின் உப்புப் பீப்பாய்க்கும் ஓர் எண் உண்டு. இவர்கள் பீப்பாய்க்கு எண் 18. புக்கர் தன் வாழ்நாளில் முதன்முதற் படித்த எழுத்து அந்த 18தான். எழுத்தறியாத அன்னை எங்கிருந்தோ ஓர் எழுத்துக்கூட்டுப் புத்தகத்தைத் தேடிக் கொணர்ந்தாள். சொல்லித்தருவார் அருகில் எவரும் இலராயினும் சில கிழமைகளில் நெடுங்கணக்கை ஒருவாறு கற்றுக்கொண்டான்.

ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்று தோன்றியபோது, விடியுமுன் எழுந்து ஒன்பது மணிவரை வேலை செய்து பின்னர்ப் பள்ளி செல்ல மாற்றாந்தந்தை இசைந்தார். ஒன்பது மணிக்கு வேலை விடும். ஒன்பது மணிக்கே பள்ளியும் தொடங்கும். இச்சிக்கலைத் தீர்க்கப் புக்கர் ஒரு சூழ்ச்சி செய்தான். காளவாய் அலுவலகத்துக் கடிகாரத்தின் முள்ளை நாள்தோறும் எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளிவைத்தான்! மேலாளர் ஐயுற்றுக் கடிகாரத்தைப் பெட்டிக்குள் பூட்டினார். இச்செயல் பின்பற்றத் தக்கதன்று. ஆயினும் கல்வி வேட்கை ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் தத்தம் பெயரை இரண்டு மூன்று சொற்களாகக் கூறக் கேட்ட புக்கர், தனக்குப் பெயர் ஒன்றே என்பதை உணர்ந்து நாணினான். ஆசிரியர் கேட்டபோது சற்றும் தயங்காது புக்கர் வாஷிங்டன் எனத் தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்டான்.

சில காலம் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தான். அச்சுரங்கத்தின் இருளில் தொழிலாளர் இருவர் உரையாடியது அவன் செவியில் விழுந்தது. கறுப்பின மாணவர்க்கெனப் பெரிய பள்ளியொன்று வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்னும் ஊரில் உள்ளதென்றும், பணமில்லாதார் உழைத்தே உணவுச் செலவை ஈடுசெய்து கற்கலாமென்றும் அவர்கள் பேசிக்கொண்டனர். அன்று முதல் ஹாம்ப்டன் என்பதே அவன் கனவாயிற்று. சுரங்க வேலையை விட்டு, சுரங்க உரிமையாளரான ரப்னர் என்பாரின் மனைவியாரிடம் மாதம் ஐந்து டாலர் சம்பளத்தில் வேலைக்கமர்ந்தான். அவ்வம்மையார் கண்டிப்புக்குப் பேர்பெற்றவர். வேலையாள் எவரும் நிலைத்ததில்லை. ஒரு தூசும் கிடத்தல் ஆகாது; ஒரு பலகையும் பெயர்ந்திருத்தல் ஆகாது. அவரிடம் கற்ற தூய்மையும் ஒழுங்கும் தமக்குக் கிடைத்த எந்தக் கல்விக்கும் குறைந்தனவல்ல என்று வாஷிங்டன் பிற்காலத்தில் எழுதினார்.

1872ஆம் ஆண்டில், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலுள்ள ஹாம்ப்டனை நோக்கி அவர் புறப்பட்டார். ஊரிலுள்ள முதியோர், தம் வாழ்நாளில் தம் இனத்துப் பிள்ளை ஒருவன் பெரும் பள்ளிக்குப் போவதைக் காண்போமென்று எண்ணாதவர்கள், ஆளுக்கொரு காசும் கைக்குட்டையும் தந்து வழியனுப்பினர். வண்டியிலும் கால்நடையிலுமாகச் சென்று ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையிலிருந்த பொருள் அனைத்தும் தீர்ந்திருந்தது. தெருவோரத்தே உயர்த்தி அமைக்கப்பட்டிருந்த பலகை நடைபாதையின் கீழ்ப் புகுந்து, துணிப்பையைத் தலைக்கணையாக்கிக் கிடந்தார். தலைக்கு மேலே மாந்தர் நடக்கும் ஓசை இரவெல்லாம் கேட்டது. மறுநாள் கப்பலிலிருந்து இரும்புப் பாளங்களை இறக்கும் வேலை கிடைத்தது. பணம் சேரும்வரை பகலில் அவ்வேலையும் இரவில் அப்பலகை நிழலுமாகக் கழித்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நகரில், அவ்விடத்துக்கு அணித்தாக, இரண்டாயிரம் பேர் கூடி அவருக்கு வரவேற்பளித்தனர்.

ஹாம்ப்டனை அடைந்தபோது அவர் கையில் இருந்தது அரை டாலர். பல நாள் குளியாத உடம்பும் அழுக்கேறிய உடையுமாக நின்ற இளைஞரைச் சேர்த்துக்கொள்வதா, மறுப்பதா என்று தலைமை ஆசிரியை மேக்கி அம்மையார் நெடுநேரம் முடிவு செய்யவில்லை. இறுதியில், அடுத்த அறையைப் பெருக்குமாறு பணித்தார். வாஷிங்டன் அவ்வறையை மூன்று முறை பெருக்கினார்; நான்கு முறை துடைத்தார்; நாற்காலிகளை நகர்த்தி மூலை முடுக்கெல்லாம் தூய்மை செய்தார். அம்மையார் வந்து கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துகளும் ஒட்டவில்லை. பள்ளியில் இடமும், அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையும் அன்றே கிடைத்தன. கல்லூரிகள் நடத்தும் நுழைவுத் தேர்வு எதற்கும் இத்தேர்வு குறைந்ததன்று.

ஹாம்ப்டன் பள்ளியை நிறுவியவர் படைத்தலைவராயிருந்த ஆம்ஸ்ட்ராங் என்னும் வெள்ளையர். நூற்கல்வியோடு கைத்தொழிலையும் கற்பித்து, கற்றவரை ஆசிரியராக்கி ஊர்களுக்கு அனுப்புதல் அவர் கொள்கை. படுக்கையில் இரு விரிப்புகள் இடப்பட்டிருப்பதை வாஷிங்டன் அங்குதான் முதன்முதற் கண்டார். முதல் நாள் இரண்டன் கீழும் படுத்தார். இரண்டாம் நாள் இரண்டன் மேலும் படுத்தார். மூன்றாம் நாளே பிறரைப் பார்த்து இடையே படுக்க அறிந்தார். 1875ஆம் ஆண்டில் அங்குக் கல்வியை முடித்து, மால்டனில் ஆசிரியராகச் சில ஆண்டு பணிசெய்து, 1879இல் ஹாம்ப்டனுக்கே ஆசிரியராக மீண்டார்.

இனி, அவர் புகழுக்கு நிலைக்களமாகிய டஸ்கீகியின் வரலாற்றைக் காண்போம். அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்பது ஒரு சிறு நகரம். அங்கு லூயிஸ் ஆடம்ஸ் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தார். அடிமையாய்ப் பிறந்தவர், தகர வேலையிலும் தோல் வேலையிலும் வல்லவர், தம் மக்களிடையே செல்வாக்குடையவர். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் வெள்ளையர் வேட்பாளர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்கை வேண்டி அவரை நாடினார். ஆடம்ஸ் தமக்கென எதையும் கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஒரு பள்ளி கேட்டார். வாக்கு விழுந்தது, சொல்லும் காக்கப்பட்டது. 1881இன் தொடக்கத்தில், ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 2,000 டாலர் வழங்கச் சட்டமன்றம் இசைந்தது. ஆனால் அத்தொகை ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே உரியது. நிலத்துக்கோ கட்டடத்துக்கோ கருவிகளுக்கோ ஒரு காசும் இல்லை. தலைமையாசிரியர் ஒருவரை அனுப்புமாறு ஊரார் ஆம்ஸ்ட்ராங்குக்கு எழுதினர். வெள்ளையர் ஒருவர் வருவாரென்றே எண்ணினர். அவர் வாஷிங்டனை அனுப்பினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

டஸ்கீகிக்கு வந்த வாஷிங்டன் பள்ளி எங்கே என்று தேடினார். பள்ளி சட்டத்தில் இருந்தது, தரையில் இல்லை. பள்ளி திறக்குமுன் ஒரு மாதம் கோவேறு கழுதை வண்டியில் ஊரூராகச் சென்றார். அரசினர் பள்ளிகள் ஆண்டில் மூன்று மாதம், மிகுந்தால் ஐந்து மாதமே நடந்தன. பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கட்டடம் இல்லை. மாதா கோயிலிலோ மரக் குடிசையிலோ வகுப்பு நடக்கும். ஓரிடத்தில் ஐந்து மாணவர்க்கு ஒரே புத்தகம் இருந்தது. முன்னிருக்கையில் இருவர் அதை ஏந்தினர்; பின்னிருந்து இருவர் அவர் தோள்மேலாக எட்டிப் பார்த்தனர்; ஐந்தாமவன் நால்வர் தோளுக்கும் மேலாக எக்கிப் பார்த்தான். மற்றோரிடத்தில், உண்ணும் மேசையில் ஐவருக்கு ஒரு முட்கரண்டிதான். ஆனால் அவ்வீட்டில் 60 டாலர் விலையுள்ள இசைப்பெட்டி ஒன்று தவணைக் கடனில் நின்றது. அழுக்கு உடையோடு, களை மண்டிய முற்றமுடைய குடிசையில் அமர்ந்து பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். இவற்றையெல்லாம் கண்ட வாஷிங்டன், நூலை மட்டும் கற்பித்தல் இம்மக்களுக்குப் போதாது எனத் தெளிந்தார்.

1881ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், மாதா கோயிலொன்றை அடுத்த பாழ்ங்குடிசையில் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கிற்று. அவர்களுட் பலர் ஏற்கெனவே ஊர்ப்பள்ளிகளில் ஆசிரியராயிருந்தவர். சிலர்க்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கூரை ஒழுகும், மழை பெய்தால் மாணவர் ஒருவர் எழுந்து குடை பிடிக்க, அதன்கீழ் நின்று வாஷிங்டன் பாடம் கேட்பார்.

மூன்று மாதத்துக்குள், ஊருக்கு ஒரு மைல் தொலைவில், 100 ஏக்கர் பாழ்நிலம் 500 டாலருக்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் மார்ஷல் என்பாரிடம் 250 டாலர் கைமாற்றாகப் பெற்று முதல் தவணையைச் செலுத்தினார். அந்நிலத்தில் மாளிகை எரிந்துபோய்க் கிடந்தது. எஞ்சியவை ஒரு குதிரைக் கொட்டிலும் ஒரு கோழிக்கூடும் வேறு சில குடில்களும். கொட்டிலும் கூடும் வகுப்பறைகள் ஆயின. பயிரிடுவதற்குக் காட்டைத் திருத்த வேண்டுமென்றபோது மாணவர் முகம் சுளித்தனர். உடலுழைப்பிலிருந்து தப்பவே கல்வி என்பது அவர்கள் எண்ணம். அடிமை வாழ்வில் உழைப்பையும் இழிவையும் ஒன்றாகவே கண்டு பழகியவர்க்கு அவ்வெண்ணம் வந்தது வியப்பன்று. அந்நோய் அந்நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. வாஷிங்டன் அவர்களோடு வாதாடவில்லை. நாள்தோறும் பிற்பகலில் தாமே கோடரியைத் தோளில் வைத்துக் காட்டுக்கு நடந்தார். தலைமையாசிரியரே மரம் வெட்டக் கண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராய் வந்தனர். 20 ஏக்கர் திருந்திப் பயிர் விளைந்தது.

ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை அப்பள்ளிக்குத் தூணாக வந்து வாய்த்தார். வீடுவீடாகச் சென்று, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தந்த பண்டங்களைக் கொண்டு விருந்து நடத்திப் பொருள் திரட்டினார். பின்னர் வடபகுதி நகரங்களுக்கும் சென்று பள்ளியின் குறையை எடுத்துரைத்தார். ஒரு நாள் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருத்தி, கந்தலுடுத்துக் கோலூன்றி வாஷிங்டனின் அறைக்குள் வந்தாள். தன் வாழ்நாளின் நற்காலமெல்லாம் அடிமையாய்க் கழிந்ததைக் கூறி, பணம் இல்லையாதலின், சேர்த்துவைத்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் கல்விக்காக வைத்துச் சென்றாள். பெருஞ்செல்வர் அளித்த கொடைகளைப் பிற்காலத்தில் எத்தனையோ பெற்ற வாஷிங்டன், அவ்வாறு முட்டைகளைப்போல நெஞ்சைத் தொட்ட கொடை பிறிதில்லை என்றே கருதினார்.

கட்டடம் வேண்டும், கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். அவ்வூரில் செங்கற்சூளை இல்லை. மாணவரைக் கொண்டே செங்கல் அறுப்பதெனத் துணிந்தார். தக்க களிமண் கிடைக்குமுன் பல இடங்களில் தோண்டிப் பார்க்க நேர்ந்தது. முழங்காலளவு சேற்றில் மணிக்கணக்காய் நின்று மண் குழைத்தலை வெறுத்துப் பள்ளியை விட்டே சிலர் போயினர். ஏறக்குறைய 25,000 பச்சைக்கல் அறுத்து அடுக்கிச் சூளைக்குத் தீ மூட்டினர். சூளை சரியாக அமையாமையால் கல் வேகவில்லை. இரண்டாவது சூளையும் பாழாயிற்று. மூன்றாவது சூளை எரிந்து முடியும் தறுவாயில், நள்ளிரவில் சரிந்து வீழ்ந்தது. கையில் ஒரு டாலரும் இல்லை. உடன் ஆசிரியர் அனைவரும் முயற்சியைக் கைவிடுமாறு வேண்டினர். வாஷிங்டன் மாண்ட்கோமரி நகருக்குச் சென்று, தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து வந்தார். நான்காவது சூளையில் கல் வெந்தது. கடிகாரம் மீட்கப்படவே இல்லை. இருபது ஆண்டு நிறையுமுன் அப்பள்ளி மாணவர் ஓராண்டில் 12 இலட்சம் செங்கற்களைச் செய்தனர்.

இச்செங்கல் வேறொரு பயனும் தந்தது. பள்ளியின்மீது நல்லெண்ணம் இல்லாத வெள்ளையரும் கல் வாங்க வந்தனர். கல் தரமானதாக இருந்தது. வண்டி செய்யும் பட்டறை தோன்றியதும் அவ்வாறே வண்டி வாங்க வந்தனர். கற்ற கறுப்பினத்தவன் வயலை விட்டு ஓடிவிடுவான் என்று அஞ்சியவர்கள், கற்றவனால் ஊருக்கு ஆகும் நன்மையைக் கண்ணாற் கண்டனர்.

ஆனால் எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பெற்றோர் பலர் கடிதம் எழுதினர். சிலர் நேரிலேயே வந்தனர். தம் பிள்ளைகள் புத்தகம் படிக்கவே வந்தார்களென்றும், மண் சுமக்கும் வேலையை அவர்களுக்குத் தம் வீட்டிலேயே தர இயலுமென்றும் முறையிட்டனர். புத்தகம் எவ்வளவு பெரியதோ, அதன் பெயர் எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குக் கல்வி சிறந்ததென அவர்கள் எண்ணினர். வாஷிங்டன் ஊரூராய்ச் சென்று தம் கருத்தை விளக்கினார். வேலையை வேலையாகச் செய்வித்தல் அவர் நோக்கமன்று. கட்டடம் எழுப்பும் மாணவன் அதற்குரிய கணக்கையும் வரைபடத்தையும் கற்பான். வயலில் நிற்பவன் மண்ணின் இயல்பையும் உரத்தின் தன்மையையும் கற்பான். 1884ஆம் ஆண்டளவில் இரவுப்பள்ளி ஒன்றும் தொடங்கினார். சிறு கட்டணமும் செலுத்த இயலாதவர் பகலில் பத்து மணி நேரம் ஒரு தொழிலில் உழைத்து, இரவில் இரண்டு மணி நேரம் கற்றனர். பெண்கள் தையல், சமையல் முதலியவற்றைப் பயின்றனர். படுக்கை இல்லாத குறையை, காட்டில் உதிர்ந்த ஊசியிலைகளைத் துணிப்பையில் அடைத்து மெத்தை செய்து தீர்த்துக்கொண்டனர். முதலில் செய்த நாற்காலிகள் முரடானவை. இருப்பினும் அவை தாமே செய்த நாற்காலிகள்.

அரசினர் தந்த 2,000 டாலர் சில ஆண்டில் 3,000 ஆகி, பின்னர் 4,500 ஆயிற்று. பள்ளி வளர்ந்த அளவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரியே. ஆகவே ஆண்டில் பெரும்பகுதியை வாஷிங்டன் வடபகுதியில் பொருள் திரட்டுவதிலேயே கழிக்க நேர்ந்தது. தொழிற்கல்விக்குப் பட்டறை வேண்டும், கருவி வேண்டும், மூலப்பொருள் வேண்டும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு அதனை நடத்தல் இயலாது. ஸ்டாம்போர்டு என்னும் ஊருக்கு அருகே செல்வர் ஒருவரைக் காண, இரண்டு மைல் குளிரில் நடந்து சென்று வெறுங்கையோடு திரும்பினார். ஈராண்டு கழித்து அவரிடமிருந்து 10,000 டாலர் வந்தது. இருப்புப்பாதைச் செல்வர் ஹண்டிங்டன் முதன்முறை தந்தது 2 டாலர். தம் இறுதிக் காலத்தில் தந்தது 50,000 டாலர். எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னகி, நூலகம் கட்ட 20,000 டாலரும், 1903ஆம் ஆண்டில் பள்ளியின் நிலைநிதிக்கு 6 இலட்சம் டாலர் மதிப்புள்ள பத்திரங்களும் வழங்கினார்.

தக்காரைத் தேடிக் கொணர்தலிலும் அவர் வல்லவர். மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லர் 1892இல் வந்து, மாணவர் செய்த செங்கற்களுக்கு உருவம் தந்தார். அடிமைத் தாய்க்குப் பிறந்த தாவர அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் வந்து, பருத்தியொன்றையே விளைத்துச் சத்திழந்த நிலங்களில் நிலக்கடலையும் பயறும் மாற்றி விளைக்கக் கற்பித்தார். பள்ளிக்கு வர இயலாத உழவரைத் தேடிப் பள்ளியே செல்லும்படி, கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று 1906ஆம் ஆண்டு முதல் ஊரூராய்ச் சென்றது. வாஷிங்டன் தம் வரலாற்றை 1901ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். தென்னாப்பிரிக்காவில் தமிழிலும் வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் இதழில், 1903ஆம் ஆண்டிலேயே காந்தியடிகள் அவரைப் பாராட்டி எழுதினார்.

அவர் கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. அதனை மறைத்தல் முறையன்று. 1895ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவு நாடெங்கும் புகழப்பட்டது. அரசியல் உரிமைக்கு இப்பொழுதே போராடுவதினும், தொழிலும் பொருளும் தேடி உயர்தலே முதற்கடமை என்பது அதன் சாரம். ஹார்வர்டில் பேரறிஞர் பட்டம் பெற்ற டூ பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர், 1903ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் இதனைக் கடுமையாக மறுத்தார். வாக்குரிமை இல்லாதவன் ஈட்டிய பொருளைக் காக்க இயலாதென்றும், உயர்கல்வி பெற்ற ஆசிரியர் இல்லையேல் டஸ்கீகியே ஒரு நாளும் நடவாதென்றும் அவர் எடுத்துக்காட்டினார். இம்மறுப்பில் வலிமை உண்டு. டஸ்கீகிப் பள்ளி பிறந்ததே கறுப்பின மக்களின் வாக்கால் அன்றோ? 1901ஆம் ஆண்டில் அலபாமா தன் அரசமைப்பைத் திருத்தி அவ்வாக்கைப் பறித்தது. வாக்கு இழந்த மக்களின் பள்ளிக்கு எவ்வளவு தருவதென்பதைப் பிறர் முடிவு செய்யும் நிலை உண்டாயிற்று. வாஷிங்டன் மேடையில் இதனை உரத்துக் கண்டிக்கவில்லை. ஆயினும் அவ்வநீதியை எதிர்த்த வழக்குகளுக்கு மறைவாகப் பொருள் உதவினார் என்பது, அவருடைய கடிதங்களை ஆராய்ந்தோரால் பிற்காலத்தில் வெளிப்பட்டது. பள்ளியைக் காக்க வாயை அடக்கினார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

இறுதிக் காலத்தில் அவர் மேற்கொண்ட பணியே அவர் பணிகளுள் தலையாயது என்பது என் துணிபு. தாம் வந்த தொடக்கத்தில் கண்ட ஊர்ப்பள்ளிகள் முப்பது ஆண்டு கழிந்தும் பெரிதும் மாறவில்லை. டஸ்கீகியில் பயின்று சென்ற ஆசிரியர்க்குப் பாடம் நடத்த நல்ல கூரை இல்லை. சிக்காகோ நகரத்துப் பெருவணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912ஆம் ஆண்டில் 25,000 டாலர் கொடையளித்தபோது, அதில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு டஸ்கீகியைச் சூழ்ந்த ஆறு ஊர்களில் பள்ளிக் கட்டடம் எழுப்ப வாஷிங்டன் அவர் இசைவைப் பெற்றார். கொடை முழுச் செலவுக்கும் உரியதன்று. ஊரார் ஒரு பங்கு தருதல் வேண்டும். அரசு ஒரு பங்கு தருதல் வேண்டும். கட்டி முடிந்த பள்ளி அரசின் உடைமையாகி அரசாலேயே நடத்தப்படுதல் வேண்டும். பொருளில்லாத ஊரார் மரமும் உழைப்பும் தந்தனர். சிலர் பருத்தி வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கினர். கட்டடத்தின் வரைபடம் டஸ்கீகியில் வரையப்பட்டது. கரும்பலகைக்கு வெளிச்சம் எப்பக்கமிருந்து வரவேண்டுமென்பதும், கைத்தொழிலுக்குத் தனியறை எங்கு அமையவேண்டுமென்பதும் அதில் குறிக்கப்பட்டன.

அத்திட்டம் வேரூன்றிய வேளையில் வாஷிங்டனின் உடல் தளர்ந்தது. 1915ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நியூயார்க் நகரில் நோயுற்றுக் கிடந்தார். பயணம் உயிருக்கு ஊறு என மருத்துவர் தடுத்தும், தென்னாட்டில் பிறந்து வாழ்ந்த தாம் அங்கேயே இறக்க வேண்டுமென்று பிடிவாதமாகப் புறப்பட்டார். நள்ளிரவில் டஸ்கீகியை அடைந்தார். நவம்பர் 14ஆம் நாள் வைகறையில் உயிர் நீத்தார். முப்பது மாணவரோடு குடிசையில் தொடங்கிய பள்ளியில் அப்பொழுது ஏறத்தாழ 1,500 மாணவரும், 200 ஆசிரியரும், நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் இருந்தன. 38 தொழில்களும் கலைகளும் கற்பிக்கப்பட்டன. மாணவர் அறுத்த செங்கற்கள் சூழ்ந்த அவ்வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

ஆறு பள்ளிகளாய்த் தொடங்கிய கட்டடப் பணி அவருக்குப் பின்னும் நடந்தது. 1932ஆம் ஆண்டு முடிவதற்குள் தென்பகுதியின் பதினைந்து மாநிலங்களில் ஐயாயிரத்துக்குச் சற்றே குறைந்த பள்ளிகள் எழுந்தன. அவற்றோடு தொழிற்கூடங்களும் ஆசிரியர் இல்லங்களும் எழுந்தன. மொத்தச் செலவு 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு அரசின் வரிப்பணம். கறுப்பின மக்கள் தம் கையிலிருந்து தந்தது 47 இலட்சம் டாலர். அது ரோசன்வால்ட் நிதி தந்ததைவிடவும் மிகுதி. வரி செலுத்தியவர்களும் அவர்களே. தம் பிள்ளைகளின் அரசினர் பள்ளிக்கு இரண்டாம் முறையும் பொருள் தந்தவர்களும் அவர்களே. 1954ஆம் ஆண்டில், நிறம்பற்றிப் பள்ளிகளைப் பிரித்தல் சட்டத்துக்கு முரணென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், அப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சி நிற்கும் கட்டடங்களுட் சிலவற்றை, அங்குப் பயின்றோரும் அவர்தம் மக்களும் பழுதுபார்த்துப் பேணி வருகின்றனர்.